ஷெட்டுக்கு எத்தனை ஸ்கொயர் ஒயர்? 32 ஆம்ப் எம்சிபி போட்ட பிறகு சாக்கெட் கருகுது

மரத்தூள் · ஹொரமாவு, பெங்களூரு · சனி காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால ஷீட் போட்ட ஷெட்ல மரவேலை பண்றேன். சனி, ஞாயிறு மட்டும்தான், விக்கிறதுக்கு இல்லை. 2 எச்பி டேபிள் சா (மேஜையில பதிச்ச வட்ட ரம்பம்) ஒண்ணு இருக்கு, நேம் பிளேட்ல 11 ஆம்ப். 1 எச்பி டஸ்ட் கலெக்டர், 6 ஆம்ப். சா ஓடும்போது கலெக்டரும் கட்டாயம் ஓடும், இல்லேன்னா மூச்சு விட முடியாது. ரெண்டும் ஒரே 16 ஆம்ப் சாக்கெட்டுல, எக்ஸ்டென்ஷன் வச்சு. இது போக நாலு எல்இடி லைட், ஒரு ஃபேன், டிரில் சார்ஜர்.

மீட்டர் போர்டு வீட்டு முன்பக்கம். அங்கேருந்து ஷெட் வரைக்கும் டேப் பிடிச்சு அளந்தேன், 28 மீட்டர் வருது. வீடு கட்டினப்ப பின்பக்க பாத்ரூமுக்குன்னு இழுத்த 1.5 ஸ்கொயர் (செம்போட குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர்) ஒயரைத்தான் நீட்டி ஷெட்டுக்குக் கொடுத்திருக்கோம். 20 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழற சுவிட்ச்) இருந்தது. சா ஆன் பண்ணினா பத்துல நாலு தடவை டிரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் வந்து அஞ்சே நிமிஷத்துல 32 போட்டுட்டு, "இனி டிரிப் ஆகாது சார்"னு சொல்லிட்டுப் போனார். அதுக்கப்புறம் ஆகவே இல்லை.

போன ஞாயிறு தேக்குப் பலகை அறுத்துட்டிருந்தேன், மூணு மணி நேரம். கருவாடு சுடற மாதிரி ஒரு வாடை. மனைவி சமையல்னு நினைச்சேன். அவங்க ஊர்லயே இல்லைன்னு அப்புறம்தான் உறைச்சது. பிளக்கை உருவினா ஒரு பின் நீலம் பூத்துப்போய், சாக்கெட் ஓட்டை ஓரம் பழுப்பா உருகியிருக்கு. போர்டைக் கழட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு ஒயரோட தோல் விறைச்சுப் போச்சு, லேசா வளைச்சதும் முட்டை ஓடு மாதிரி வெடிச்சது.

புது ஒயர் இழுக்கத்தான் போறேன். 2.5 போதும்ங்கிறார் ஒருத்தர், கடைக்காரர் 4 என்கிறார், மாமா 10 போட்டுடுன்னு சொல்றார். விதிப்படி எவ்வளவு வேணும், அதை எப்படிக் கணக்குப் போடறாங்க? அதைப் புரிஞ்சுக்கணும்.

ஒயர்மேன்_அல்சூர் · சனி காலை 7.58

தம்பி, கணக்கு அப்புறம். அந்த 32ஐ இப்பவே இறக்கி வைங்க. திரும்ப ஏத்தாதீங்க. போர்டுல வெடிச்ச ஒயர் சுவத்துக்குள்ள பைப்புலயும் அதே கதியிலதான் இருக்கும். இந்த வாரம் சா வேணாம்.

மரத்தூள் · சனி காலை 8.05

இறக்கிட்டேன் அண்ணா. டேப் சுத்தி வச்சிருக்கேன், யாரும் தெரியாம ஏத்தாம இருக்க.

பீன்யா_மெயின்டெனன்ஸ் · சனி காலை 9.30

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் மின் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த ஒரே தவறை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்சிபி மிஷினைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். வரிசை இதுதான்: மிஷின் எடுக்கும் கரண்டைவிட எம்சிபி பெரிதாக இருக்க வேண்டும், அந்த எம்சிபியைவிட ஒயரின் தாங்கும் சக்தி பெரிதாக இருக்க வேண்டும். உங்கள் எலக்ட்ரீஷியன் நடுவில் இருப்பதை மட்டும் தூக்கிப் பெரிதாக்கிவிட்டார். கீழே ஒயர் அப்படியே இருக்கிறது.

ஒயரிங்குக்கான இந்திய நடைமுறை விதி ஐஎஸ் 732. இப்போது நடப்பில் இருப்பது 2019 பதிப்பு. பைப்புக்குள் போகும் பிவிசி காப்பர் ஒயருக்கு, சிங்கிள் பேஸில், சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1.5 ஸ்கொயர் 17.5 ஆம்ப் தாங்கும். 2.5 என்றால் 24, 4 என்றால் 32, 6 என்றால் 41, 10 என்றால் 57. ஒயர் கம்பெனியின் கேட்லாகில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை அப்படியே எடுக்கக் கூடாது. பெங்களூர் குளுகுளு ஊர் என்கிற பேச்செல்லாம் ஏப்ரல் மதியம் ஷீட் கூரைக்கடியில் செல்லாது. 40 டிகிரிக்கு 0.87 ஆல் பெருக்க வேண்டும். ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் போனால் மேலும் 0.8, மூன்று போனால் 0.7. உங்கள் 1.5 தனியாகப் போகிறது என்றே வைத்தாலும் 40 டிகிரியில் 15 ஆம்ப்தான். நீங்கள் மூன்று மணி நேரம் எடுத்தது 17, 18.

அப்போது 32 எம்சிபி என்ன செய்துகொண்டிருந்தது? எம்சிபி தன் எண்ணைப்போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகாது, ஆகவும் கூடாது. 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஆக வேண்டும். தயாரிப்புத் தரமே அப்படி. அதாவது உங்கள் 32, 36 ஆம்ப் போனாலும் சும்மா இருக்கும். ஒயரின் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 17.5 ஆம்ப் போனால் அந்த ஒயர் 30லிருந்து 70 டிகிரிக்கு ஏறும், பிவிசிக்கு எல்லை அந்த 70. 36 ஆம்ப் போனால் நாலு மடங்கு சூடு. பிவிசி உருகி ஓடிவிடும், எம்சிபி பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் அவ்வளவு லோடு போடாததால் தோல் வெறுமனே விறைத்ததோடு தப்பித்தீர்கள்.

ஒரு கேள்வி. பழைய 20 எம்சிபி வீட்டில் இருக்கிறதா? அதன் முகத்தில் 20க்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது?

கே.ஆர்.புரம்_80 · சனி காலை 10.12

ஐயா சொல்றது புஸ்தகத்துக்குச் சரி. நான் 20 வருஷமா 2.5 ஒயர்ல 32 எம்சிபி போட்டு ஏசி, கீசர் எல்லாம் ஓட்டறேன். ஒண்ணும் ஆகலை.

பீன்யா_மெயின்டெனன்ஸ் · சனி காலை 10.40

கீசர் கால் மணி நேரம் ஓடி நிற்கும், ஏசி கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். நடுவில் ஒயர் ஆறிக்கொள்கிறது. அதைச் சுமந்தது உங்கள் எம்சிபி இல்லை, அந்த இடைவெளிதான். அந்த லைனில் யாராவது ஒரு நாள் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் தடுக்க அங்கே எதுவுமே இல்லை. தயவுசெய்து ஒரு 20 போடுங்கள். விலை சில நூறு ரூபாய். உங்கள் வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் சொல்கிறேன்.

மரத்தூள் · சனி காலை 11.02

பழைய எம்சிபி டிராயர்லயே இருக்கு சார். பி20ன்னு போட்டிருக்கு.

பீன்யா_மெயின்டெனன்ஸ் · சனி மதியம் 12.15

நினைத்தேன். பி வகை தன் எண்ணைப்போல் 3 முதல் 5 மடங்கில் சட்டென்று விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில், டி வகை 10 முதல் 20 மடங்கில். உங்கள் பி20, 60 ஆம்ப் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் விழலாம், 100 தாண்டினால் விழுந்தே தீரும்.

உங்கள் சா நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் சுமார் ஆறு மடங்கு இழுக்கும், 66 என்று வையுங்கள். கலெக்டர் முன்னமே ஓடுகிறது, இன்னொரு 6. ஒயரில் வோல்டேஜ் இறங்குவதால் உண்மையில் 60 பக்கம் நிற்கும். சரியாக அந்த 60 கோட்டில். அதுதான் பத்துக்கு நாலு. அன்றைக்கு மாற்ற வேண்டியிருந்தது 20 என்ற எண்ணை இல்லை, பி என்ற எழுத்தை. கூடவே ஒயரையும்.

இப்போது வோல்டேஜ் டிராப். சூடான ஒயரில், போக வர இரண்டும் சேர்த்து, ஒரு மீட்டருக்கு ஒரு ஆம்புக்கு இத்தனை மில்லிவோல்ட் இறங்கும்: 1.5க்கு 29, 2.5க்கு 18, 4க்கு 11, 6க்கு 7.3, 10க்கு 4.4. லைட்டுக்கு 3 சதவீதம், மற்ற லோடுக்கு 5 சதவீதம் எல்லை. 230ல் 5 சதவீதம் 11.5 வோல்ட்.

உங்கள் 28 மீட்டர், 17 ஆம்ப், 1.5 ஒயர்: கிட்டத்தட்ட 14 வோல்ட். எல்லை தாண்டியாயிற்று. 2.5 போட்டால் 8.6, 4 போட்டால் 5.2, 6 போட்டால் 3.5.

இதைவிட முக்கியம் ஸ்டார்ட்டிங். 60 ஆம்ப் 1.5 ஒயரில் போகும்போது 48 வோல்ட் வழியிலேயே செத்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 182. திருகு விசை வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும், ஆகவே 230ல் கிடைப்பதில் 62, 63 சதவீதம்தான் கிடைக்கும். மோட்டார் தடுமாறி மெதுவாக எழும், அவ்வளவு நேரமும் அந்த 60 ஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். சா ஆன் பண்ணினதும் லைட் மங்கி, பிளேடு "ம்ம்ம்" என்று இழுத்துத்தான் வேகம் பிடிக்கிறதா?

மரத்தூள் · சனி மதியம் 12.31

ஆமா சார், அப்படியேதான். மூணு நாலு செகண்ட் ஆகும். மிஷினே அப்படித்தான்னு நினைச்சேன்.

சூளைக்காரி · கம்மனஹள்ளி · சனி மாலை 4.20

பீன்யா சார் எழுதினதை எடுத்து வச்சுக்கிட்டேன், ரொம்ப நன்றி. எனக்கு மோட்டார் இல்லை, மண்பாண்டம் சுடற எலக்ட்ரிக் சூளை, 6 கிலோவாட். ஸ்டார்ட்டிங் இழுப்பு கிடையாது. ஆனா 26 ஆம்ப், எட்டு மணி நேரம், விடாம. 4 ஸ்கொயர் போட்டு 32 எம்சிபி கொடுத்திருந்தாங்க. மேல சொன்ன கணக்குல 4 ஸ்கொயர் 40 டிகிரியில 27.8தானே? அப்ப எம்சிபி ஒயரைவிடப் பெரிசு. 6 ஸ்கொயருக்கு மாத்திட்டேன், 35.7 வருது.

ஆனா எனக்கு நடந்த விபத்துக்குக் காரணம் ஒயர் சைஸ் இல்லை. டிபிக்குள்ள (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) நியூட்ரல் லிங்க்ல (நியூட்ரல் ஒயர் எல்லாம் வந்து சேர்ற கட்டை) ஒரு ஸ்க்ரூ முழுசா முடுக்கலை. அஞ்சாவது ஃபயரிங்ல லிங்க்கே உருகி வழிஞ்சிடுச்சு. எம்சிபி சரி, ஒயரும் சரி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஸ்க்ரூ. அந்த மூடியைத் திறந்து பார்த்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. சூளை ஓடறப்ப நான் மேல வீட்டுல தூங்கிட்டு இருப்பேன்.

பீன்யா_மெயின்டெனன்ஸ் · சனி மாலை 5.05

அம்மா, நீங்கள் சொன்னது தங்கம். லூஸ் ஜாயின்ட்டில் 0.1 ஓம் இருந்தாலே 26 ஆம்புக்கு 67 வாட் சூடு. ஒரு பழைய குண்டு பல்பை டிபிக்குள் வைத்து மூடின மாதிரி. கரண்ட் கூடுவதில்லை, அதனால் எந்த எம்சிபிக்கும் தெரியாது. மரத்தூள் தம்பியின் சாக்கெட் கருகினதிலும் பாதி இதுதான். 16 ஆம்ப் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் வைத்து 17 ஆம்ப் எடுத்திருக்கிறார், அந்தச் சூட்டில் உள்ளே பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். தளர்ந்தால் இன்னும் சூடு.

வெல்டிங்_கத்துக்கறேன் · சனி மாலை 6.10

இடையில ஒரு சந்தேகம். இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் நேம் பிளேட்ல ரெண்டு இன்புட் கரண்ட் போட்டிருக்கு, ஐ1 மேக்ஸ், ஐ1 இஎஃப்எஃப். எதைப் பார்க்கணும்?

பீன்யா_மெயின்டெனன்ஸ் · சனி மாலை 6.25

ஒயருக்கு இஎஃப்எஃப். அது விட்டு விட்டுப் பற்ற வைப்பதைக் கணக்கில் எடுத்த எண். எம்சிபி மேக்ஸில் விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள், ஆனால் ஒயரைத் தாண்டக் கூடாது.

ஒயர்மேன்_அல்சூர் · சனி இரவு 8.45

தம்பி, நான் செஞ்சா எப்படிச் செய்வேன்னு சொல்றேன்.

மீட்டர் போர்டுல சி25 டபுள் போல் (பேஸ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கிற) எம்சிபி. அங்கேருந்து 3 கோர் 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு கேபிள் (மேல இரும்புக் கவசம் உள்ளது) ஒரே நீளமா, நடுவுல ஜாயின்ட் இல்லாம. 25 எம்சிபிக்கு 4 ஸ்கொயரே போதும், ஆனா நாளைக்கு பிளேனர் (இழைக்கிற மிஷின்) வாங்குவீங்க, ஸ்டார்ட்டிங் டிராப்பும் 4ஐ விட மூணுல ஒரு பங்கு குறையும். 10 வேண்டாம், அது காசை மண்ணுல புதைக்கிறது. மண்ணுக்கடியில போற இடத்துல ரெண்டரை அடி ஆழம், மணல் போட்டு மேல செங்கல் பரப்புங்க. சாதா வீட்டு ஒயரைப் பைப்புல போட்டு மண்ணுல விடாதீங்க, தண்ணி இறங்கும்.

ஷெட்ல ஒரு சின்ன டிபி. சாவுக்குத் தனி சி16, 2.5 ஸ்கொயர். கலெக்டருக்குத் தனி சி16, 2.5 ஸ்கொயர். லைட்டுக்குத் தனி 6 ஆம்ப், 1.5. லைட்டைச் சாவோட சேர்க்கவே கூடாது. சா டிரிப் ஆகி லைட்டும் போச்சுன்னா, இருட்டுல பிளேடு இன்னும் சுத்திட்டு இருக்கும், கை எங்கே இருக்குன்னு தெரியாது.

எர்த் ஒயர். பெரும்பாலான இடத்துல இங்கதான் ஏமாத்துவாங்க. 6க்கு 6, 2.5க்கு 2.5. பச்சை 1 ஸ்கொயர் ஒண்ணைப் போட்டு எல்லாத்துக்கும் சுத்திடறது நடக்கும், விடாதீங்க.

மரத்தூள் · ஞாயிறு காலை 6.50

அண்ணா, ஷெட்டுக்கு வெளியிலேயே தனியா எர்த் குழி போட்டா முன்பக்கத்துலேருந்து எர்த் இழுக்க வேண்டாமே?

பீன்யா_மெயின்டெனன்ஸ் · ஞாயிறு காலை 7.30

வேண்டும். நல்ல குழி 5 ஓம் என்று வையுங்கள். பேஸ் ஒயர் மிஷின் பாடியில் பட்டால் 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்ப். சி25 உடனே விழ 125க்கு மேலாவது வேண்டும், விழுந்தே தீர 250. 46க்கு அது யோசித்துக்கொண்டிருக்கும், அந்த நேரம் முழுக்க சாவின் இரும்பு மேஜையில் வோல்டேஜ் நிற்கும். குழி மண்ணுக்கு வழி, அவ்வளவுதான். எர்த் ஒயர் மெயின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதோடு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) கட்டாயம். நம் வீடுகளில் பெரும்பாலும் சொந்தக் குழியைத்தான் நம்பியிருக்கிறோம், அங்கே உயிர் காப்பது ஆர்சிசிபிதான். மிஷின்களுக்கு ஒன்று, லைட் அதற்கு வெளியே தனியாக.

இன்னொன்று. வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதன் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கேயாவது கலந்திருக்கலாம். கலந்தால் ஆர்சிசிபி நிற்காமல் விழும். சிலர் கடுப்பில் ஆர்சிசிபியையே கழற்றிவிடுகிறார்கள். கலப்பைக் கண்டுபிடித்துப் பிரியுங்கள், அரை நாள் வேலை.

கே.ஆர்.புரம்_80 · ஞாயிறு காலை 9.15

நேத்து சொன்னதுக்கு மன்னிக்கணும் ஐயா. போர்டைத் திறந்து பார்த்தேன். கீசர் ஒயர் முனை கறுத்திருக்கு. சி20 வாங்கி வந்துட்டேன்.

ஒரு கேள்வி, 10 ஸ்கொயர் அலுமினியம் ஆர்மர்டு விலை ரொம்பக் குறைச்சல். தம்பிக்கு அது ஆகாதா?

ஒயர்மேன்_அல்சூர் · ஞாயிறு காலை 9.40

10 அலுமினியமும் 6 காப்பரும் ஒரே ரெசிஸ்டன்ஸ், கிலோமீட்டருக்கு 3.08 ஓம். டிராப் கணக்குல சமம்தான். முனையிலதான் தொல்லை. அலுமினியம் காத்து பட்டதும் மேல ஒரு படலம் பிடிச்சுக்கும், அழுத்தத்துல மெல்ல நசுங்கித் தளரும். சரியான லக் (ஒயர் முனையில மாட்டற உலோகக் காது), பேஸ்ட், கிரிம்பிங் டூல் வச்சுச் செய்யறவர் கிடைச்சா போடலாம். இல்லேன்னா அந்த அக்காவுக்கு நடந்ததுதான். வீட்டு வேலைக்கு நான் காப்பர்தான் போடுவேன்.

சூளைக்காரி · ஞாயிறு காலை 11.00

மரத்தூள், பெஸ்காம் (பெங்களூரு மின்வாரியம்) பில்லை எடுத்து சாங்ஷன்டு லோடு (அவங்க அனுமதிச்ச லோடு) எத்தனை கிலோவாட்னு பாருங்க. உங்க ரெண்டு மிஷினே 17 ஆம்ப் இழுக்குது, வீட்டுல கீசர் வேற இருந்தா இன்னும் ஏறும். எனக்குப் போதாம லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலமா கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த மாதிரி ஒயரிங் வேலையே லைசென்ஸ்காரர் கையாலதான் நடக்கணும்னு 2023 மின் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலயும் இருக்கு. செஞ்சவர்கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி வச்சுக்குங்க.

மரத்தூள் · ஞாயிறு இரவு 9.10

பில்லுல 3 கிலோவாட்தான் இருக்கு அக்கா. நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னிக்கு சிக்பேட், பிவிகே ஐயங்கார் ரோடு போயிட்டு வந்தேன். 2.5 காயில் ரெண்டு கடையில விலை வித்தியாசம் ரொம்ப அதிகம். ரெண்டுலயும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு. எதை நம்பறது?

பீன்யா_மெயின்டெனன்ஸ் · ஞாயிறு இரவு 9.50

உங்களிடம் வெர்னியர் காலிப்பர் இருக்குமே. முனையை ஒரு அங்குலம் உரித்து இழைகளை எண்ணுங்கள். 2.5 ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டரில் 36 இழை. 4க்கு 56, 6க்கு 84. எண்ணிக்கை சரியாக இருந்து இழை 0.26 இருந்தால் அது 2.5 இல்லை, 1.9. இன்னொரு சோதனை: 90 மீட்டர் காயிலில் செம்பு மட்டும் சுமார் 2 கிலோ இருக்க வேண்டும். தோலோடு சேர்த்தே இரண்டு கிலோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மரத்தூள் · நாலு வாரம் கழிச்சு, ஞாயிறு மாலை 5.30

முடிஞ்சது. லோடு 6 கிலோவாட்டுக்கு ஏத்தி வாங்கினேன். விலை குறைஞ்ச காயில்ல 36 இழைதான் இருந்தது, ஆனா வெர்னியர்ல 0.25, 0.26. அதைத் தொடலை. மத்தபடி அல்சூர் அண்ணா சொன்ன மாதிரியே, லைசென்ஸ்காரர் வச்சு. 9 மீட்டர் பள்ளம் நானும் தம்பியும் வெட்டினோம். நடுவுல பழைய தண்ணி பைப் ஒண்ணு குறுக்க வந்தது, அதுக்குக் கீழே கொண்டு போனோம்.

ஷெட் டிபியில மீட்டர் வச்சேன். சும்மா இருக்கும்போது 229. கலெக்டரும் சாவும் ஓடறப்ப 225. சா ஆன் பண்ணினா ஒரு செகண்டுல வேகம் பிடிக்குது, லைட் லேசா இமைக்குது, அவ்வளவுதான். ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், உடனே விழுந்தது.

சுவத்துக்குள்ள இருந்த பழைய ஒயரை உருவினப்ப ஆறு இடத்துல தோல் ஒட்டி, செம்பு தெரிஞ்சது. ஒரு இடத்துல பேஸும் நியூட்ரலும் ஒரே பிவிசி கட்டியா ஒட்டியிருந்தது. அந்தத் துண்டை 32 போட்டவர்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வேலை பார்த்த இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன்னு சொல்லியிருக்கார்.

ஒயர்மேன்_அல்சூர் · ஞாயிறு மாலை 6.02

ரொம்ப சந்தோஷம் தம்பி. புது டெர்மினல்ல செம்பு ஒரு மாசத்துல கொஞ்சம் உட்காரும். அடுத்த மாசம் மெயினை இறக்கி, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒரு தடவை முடுக்கிடுங்க. நியூட்ரல் லிங்க்கை மறக்காதீங்க.

மரத்தூள் · ஞாயிறு மாலை 6.04

காலண்டர்ல எழுதிட்டேன் அண்ணா.